மருந்து மாறியதும் சொரியாசிஸ் பொங்கினால்: ஒரு மெடிக்கல்காரரின் நோட்டு

ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டை ஒட்டி 22 வருடமாக மெடிக்கல் வைத்திருக்கிறேன். என் சொரியாசிஸ் கடைக்கும் மூத்தது. 26 வயதில் வந்தது. முழங்கை இரண்டிலும் ஒரு ரூபாய் அகலத்துக்குத் திட்டு, காதுக்குப் பின்னால் கொஞ்சம் செதில். கறுப்புச் சட்டை எடுக்க மாட்டேன். முடிவெட்டுகிறவரிடம் உட்காரும்போதே "இது ஒட்டாதுண்ணே" என்று சொல்லிவிடுவேன். அதோடு எனக்கிருந்த வழக்கு அவ்வளவுதான்.

2022 மே மாதம் அது உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை ஒரே சிவப்பாக ஏறி, 11 நாள் ஆஸ்பத்திரியில் படுக்கப் போட்டது. செய்தது மருந்து. அந்த மருந்தைக் கொடுத்தது நானேதான். அந்த ஜனவரியில் முகவாதம் வந்து வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டது. டாக்டர் 10 நாளைக்கு ப்ரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை எழுதினார். சரியான வைத்தியம், வாய் நேரானது. கூடவே, 20 வருடமாகப் போகாத முழங்கைத் திட்டும் மறைந்தது. அந்த ஆசையில், 11வது நாளிலிருந்து என் கடை ரேக்கிலிருந்தே தினம் 20 மி.கி. எடுத்துப் போட்டுக்கொண்டேன். 14 வாரம். முகம் பூசணிக்காய் மாதிரி உருண்டது. ஏப்ரல் கடைசியில் சர்க்கரை பார்த்தால் 268. பயந்துபோய் ஒரே நாளில் நிறுத்தினேன். ஒன்பதாவது நாள் ராத்திரி ஆரம்பித்தது.

இன்றைக்கே ஆஸ்பத்திரியா, பொறுக்கலாமா?

இதற்கு உங்கள் கைதான் அளவுகோல். விரல்களோடு சேர்த்து உங்கள் உள்ளங்கை ஒன்று, உடம்புத் தோலில் ஏறக்குறைய 1 சதவீதம். திட்டுகளின் மேல் கையை வைத்து எண்ணிக்கொண்டே வாருங்கள். 3 கைக்குள் இருந்தால் லேசு, 10 கையைத் தாண்டினால் கடுமை என்பது தோல் டாக்டர்கள் வைத்திருக்கும் பொதுக் கணக்கு. திட்டுக்கும் திட்டுக்கும் நடுவே நல்ல தோலே தெரியவில்லை என்றால் எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம், கிளம்புங்கள்.

சிவப்பின் மேல் குண்டூசித் தலை அளவுக்கு வெள்ளைச் சீழ்ப்புள்ளிகள் கூட்டமாகக் கிளம்பினாலும், காய்ச்சலோ நடுக்கமோ இருந்தாலும், கணுக்கால் வீங்கினாலும், எழுந்து நின்றால் கண்ணை இருட்டினாலும், சிறுநீர் குறைந்தாலும் அதே நாள் போக வேண்டும். கர்ப்பிணிக்கும், வயதானவர்களுக்கும், இதய நோய் உள்ளவர்களுக்கும் இதில் பாதி இருந்தாலே போதும்.

நடுக்கத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில்தான் நான் ஏமாந்தேன். அக்கினி நட்சத்திரம் நடந்துகொண்டிருந்தது. ஃபேனை நிறுத்தச் சொல்லிவிட்டு இரண்டு கம்பளிக்குள் பல் கிட்டிக் கிடந்தேன். "என்னங்க, இந்த வெயில்ல கம்பளி கேக்குறீங்க" என்று வீட்டில் தெர்மாமீட்டரை எடுத்து வந்தார்கள். 96-ஐத் தாண்டவில்லை. காய்ச்சல் இல்லை, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டேன். தப்பு. உடம்பு முழுக்கச் சிவந்த தோலில் ரத்தம் மேலேயே ஓடும், சூடு நிற்காமல் வெளியே போய்க்கொண்டிருக்கும். தண்ணீரும் போகும், செதிலோடு புரதமும் போகும், இதயம் இரட்டை வேலை பார்க்கும். தெர்மாமீட்டர் இறங்கிக் காட்டியது நல்ல சேதி இல்லை. ராத்திரியே 108-க்குக் கூப்பிட்டிருக்க வேண்டும்.

எங்கே போவது? தோல் பிரிவும், படுக்கை வசதியும், ரத்தப் பரிசோதனையும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். பக்கத்தில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையே போதும். தெருமுனை கிளினிக்கில் நுழைந்தால் "அலர்ஜி" என்று இடுப்பில் ஓர் ஊசி போட்டு அனுப்ப வாய்ப்பு அதிகம். அந்த ஊசியில் பெரும்பாலும் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு இருக்கும். இரண்டு நாள் வாடும், மூன்றாம் நாள் முன்னைவிட மோசமாகக் கிளம்பும். அதனால் யாரிடம் போனாலும் முதல் வாக்கியமாக, "எனக்கு ஏற்கெனவே சொரியாசிஸ் இருக்கு, சமீபத்தில மருந்து மாறியிருக்கு" என்று சொல்லிவிட்டு, அப்புறம் மற்றதைச் சொல்லுங்கள்.

நோட்டில் இரண்டு பத்தி

வார்டில் என்னைப் பார்க்க வந்த பயிற்சி டாக்டருக்கு என் மகள் வயதுதான் இருக்கும். "புதுசா ஏதாவது மருந்து சாப்பிட்டீங்களா சார்?" என்றார். ஒன்றும் இல்லை என்றேன். அது உண்மையும்கூட. அவர் பேனாவை மூடாமல் அடுத்ததைக் கேட்டார்: "சரி, எதை நிறுத்துனீங்க?"

எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது. மனைவி பக்கத்தில் நிற்கிறாள். அவளுக்கே தெரியாது.

அந்த இரண்டாவது கேள்வியை நாம் நம்மிடம் கேட்பதே இல்லை. உடம்பில் ஏதாவது வந்தால் புதிதாக உள்ளே போனதைத்தான் தேடுவோம். கத்தரிக்காயா, கருவாடா, புது சோப்பா என்று ஒரு வாரம் போகும். இந்த நோயில் வெளியே போனதையும் தேட வேண்டும்.

ஒரு 40 பக்க நோட்டு வாங்குங்கள். பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரியுங்கள். இடது பக்கம் "தொடங்கியது, கூட்டியது". வலது பக்கம் "நிறுத்தியது, குறைத்தது, கம்பெனி மாறியது". தேதி இல்லாத வரி எழுதக் கூடாது. சரியாக ஞாபகம் இல்லாவிட்டால் "தைப்பூசத்துக்கு முந்தின வாரம்" என்றாவது இருக்கட்டும். இன்றிலிருந்து பின்னால் ஆறு மாதம் போக வேண்டும். பி.பி., மனநல மருந்துகளுக்கு ஒரு வருடம்.

ஞாபகத்தை நம்பி எழுதினால் பாதி விட்டுப்போகும். தலையணைக்கு அடியில், ஃப்ரிட்ஜ் கதவில், கைப்பையில், சாமி படத்துக்குப் பின்னால் கிடக்கும் அட்டைகளை ஒரு தாம்பாளத்தில் கொட்டுங்கள். மருந்துக்கடை பில்லைத் தேடுங்கள். வழக்கமான கடை என்றால் கம்ப்யூட்டரில் பழைய பில் இருக்கும், கேட்டால் எடுத்துத் தருவோம். மாத்திரை மட்டும் மருந்து இல்லை. கண் சொட்டு, மூட்டில் போட்ட ஊசி, தடவிய ட்யூப், பொட்டலத்தில் மடித்துக் கொடுத்த பொடி, லேகியம், பக்கத்து வீட்டு அக்கா கொடுத்த வலி மாத்திரை எல்லாம் வரியாக வர வேண்டும். கண்ணில் விடும் ஒரு சொட்டுதானே என்று நினைக்கலாம். கண் நீர் அழுத்தத்துக்குக் கொடுக்கும் டிமோலோல் சொட்டும் அட்டனோலோல், ப்ரோப்ரனோலோல் என்ற பி.பி. மாத்திரைகளின் வகையறாதான்.

எது, எத்தனை நாளில்

நிறுத்தினால் பொங்குகிறவை ஒரு கூட்டம். முதல் இடம் ஸ்டீராய்டுக்கு: ப்ரெட்னிசோலோன், பீட்டாமெத்தசோன், டெக்சாமெத்தசோன் மாத்திரைகள், ட்ரையாம்சினோலோன் ஊசி. மாத்திரை என்றால் நிறுத்திய சில நாளிலிருந்து சில வாரத்துக்குள் தெரிந்துவிடும். ஊசி உடம்பில் வாரக்கணக்கில் நிற்பதால் "ஊசி போட்டு மாசம் ஒண்ணாச்சே" என்று கணக்கிலிருந்து தள்ளிவிடுவோம், தள்ளக் கூடாது. குளோபெட்டசால் மாதிரி வீரியமான ஸ்டீராய்டு ட்யூபை மாதக்கணக்கில் உடம்பு நிறையத் தடவி வந்தவர்கள் திடீரென்று விட்டாலும் இதே கதைதான். நோய் எதிர்ப்பை அடக்கும் சைக்ளோஸ்போரின் மருந்தை நிறுத்தினாலும் வேகமாகத் திரும்ப வரும். ஊசி வகையில் எஃபாலிசுமாப் என்று சொரியாசிஸுக்கே ஒரு மருந்து இருந்தது. அதை நிறுத்தியவர்களில் சிலருக்கு முன்பைவிடக் கடுமையாகப் பொங்கியது. மூளையைத் தாக்கும் ஒரு தொற்றின் காரணமாக 2009-இல் அந்த மருந்தையே சந்தையிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

தொடங்கினால் கிளப்புகிறவை வேறு கூட்டம், இவை மெதுவாக வேலை பார்க்கும். மனநலத்துக்குக் கொடுக்கும் லித்தியம் இதில் பெயர் பெற்றது. வாரங்களும் ஆகலாம், மாதங்களும் ஆகலாம். பீட்டா பிளாக்கர் என்னும் பி.பி., படபடப்பு, ஒற்றைத் தலைவலி மாத்திரைகள் சில நாளிலும் காட்டும், ஒரு வருடம் கழித்தும் காட்டும். மூட்டுவலிக்கும், சிக்குன்குனியாவுக்குப் பிந்தைய வலிக்கும், நம் நாட்டில் சர்க்கரைக்கும்கூடக் கொடுக்கும் ஹைட்ராக்சிகுளோரோகுயின் இன்னொன்று. இது உடம்பைவிட்டுப் பாதி போகவே 40 நாள் வரை எடுக்கும். அதனால் டாக்டர் நிறுத்திய பிறகும் தோல் உடனே அடங்காது, அதை வைத்து "இது காரணமில்லை" என்று முடிவு கட்டக் கூடாது. இண்டோமெத்தசின் போன்ற வலி மாத்திரைகளும் சிலருக்குக் கிளப்பும். மூட்டுவாதத்துக்கும் சொரியாசிஸுக்கும் மருந்தாகவே கொடுக்கும் அடாலிமுமாப், இன்ஃப்ளிக்சிமாப் ஊசிகள் சிலருக்குப் புதிதாகச் சொரியாசிஸையே வரவழைப்பதும் உண்டு. வேலியே பயிரை மேய்கிற கதை.

என் கவுன்ட்டரில் அதிகம் பார்க்கிற குழப்பம் ஒன்று உண்டு. படர்தாமரை என்று நினைத்து டெர்பினஃபின் மாத்திரையும், கூடவே பூஞ்சைக்கும் கிருமிக்கும் அரிப்புக்கும் ஒரே ட்யூபில் மருந்து கலந்த கிரீமும் வாங்கிப் போவார்கள். இருப்பது சொரியாசிஸ். டெர்பினஃபின் சொரியாசிஸைக் கிளப்பக்கூடிய மருந்து. அந்த ட்யூபில் குளோபெட்டசால் இருக்கும். தடவத் தடவ அடங்கும், விட்டால் பொங்கும். ஒரே பில்லில் இரண்டு கூட்டத்துக்கும் ஒவ்வொரு ஆள். 2018-இல் 14 வகை ஸ்டீராய்டு கிரீம்களை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று அட்டவணை எச்-க்குள் கொண்டுவந்தார்கள். கவுன்ட்டருக்கு இந்தப் பக்கம் நிற்பவன் என்ற முறையில் சொல்கிறேன், ட்யூப் இன்னும் சுலபமாகத்தான் கிடைக்கிறது.

நீங்களாக நிறுத்தாதீர்கள்

நோட்டில் குற்றவாளி சிக்கியதும் கை பரபரக்கும். அட்டையைத் தூக்கி எறிந்துவிடத் தோன்றும். பீட்டா பிளாக்கரைத் திடீரென்று நிறுத்தினால் இதயம் எகிறும்; ஏற்கெனவே அடைப்பு உள்ளவர்களுக்கு மாரடைப்பே வரலாம். லித்தியத்தை நிறுத்தினால் மனநோய் திரும்பும், தற்கொலை வரை போகும் ஆபத்து உண்டு. சொரியாசிஸ் அசிங்கப்படுத்தும், படுத்தி எடுக்கும். அதற்காக அதைவிடப் பெரியதை வரவழைக்கக் கூடாது.

நோட்டின் பலன் எனக்கே இரண்டாவது முறை கிடைத்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகும் பி.பி. இறங்கவில்லை, ஒரு டாக்டர் மெட்டோப்ரோலோல் என்ற பீட்டா பிளாக்கர் 25 மி.கி. எழுதினார். பத்து வாரம் கழித்து முழங்காலில் இதுவரை வராத இடத்தில் திட்டு. நோட்டை விரித்தால் இடது பத்தியில் அந்தக் காலத்துக்கு ஒரே ஒரு வரிதான் இருந்தது. நோட்டைத் தூக்கிக்கொண்டு அவரிடமே போனேன். "டாக்டர், இது 3-ஆம் தேதி தொடங்குனது. திட்டு வந்தது இந்தத் தேதி. நான் எதையும் நிறுத்தல, நீங்க சொன்னாத்தான் நிறுத்துவேன். வேற வகைக்கு மாத்த முடியுமா?" கோபப்படுவார் என்று நினைத்தேன். இ.சி.ஜி. பார்த்துவிட்டு, இரண்டு வாரத்தில் அதைப் படிப்படியாகக் குறைத்து ஆம்லோடிபினுக்கு மாற்றினார். முழங்கால் தெளிய மூன்று மாதம் ஆனது. என் இதயத்துக்கு அது ஒத்துவந்தது, உங்கள் இதயத்துக்கு மெட்டோப்ரோலோல்தான் வேண்டும் என்றால் அதைச் சாப்பிட்டுக்கொண்டே தோலுக்கு வைத்தியம் பார்க்கவும் வழி இருக்கிறது. "இதனாலதான் வந்துச்சு" என்று தீர்ப்புச் சொல்லிக்கொண்டு போகாமல் தேதியை மட்டும் காட்டினால் எந்த டாக்டரும் காது கொடுப்பார்.

ஸ்டீராய்டிலிருந்து இறங்குவது

மூன்று வாரத்துக்கு மேல் ஸ்டீராய்டு சாப்பிட்டால், சிறுநீரகத்தின் தலையில் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி தன் வேலையைக் குறைத்துக்கொள்ளும். வெளியிலிருந்து வருவது திடீரென்று நின்றால் அது உடனே எழுந்திருக்காது. வாந்தி, அசதி, பி.பி. சரிவு என்று தோலுக்கு அப்பாலும் ஆபத்து. எனக்கு நான் நிறுத்திய ப்ரெட்னிசோலோனையே குறைந்த அளவில் திரும்பக் கொடுத்தார்கள். அதன் நிழலிலேயே சொரியாசிஸை அடக்கும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரையைத் தொடங்கி, அது பிடித்துக்கொண்ட பிறகு பத்து வாரத்தில் ஸ்டீராய்டைச் சொட்டுச் சொட்டாக இறக்கினார்கள். கையைப் பிடித்துக்கொள்ள இன்னொரு ஆள் வந்த பிறகுதான் முதல் ஆளை அனுப்ப வேண்டும். இறக்கும் வேகத்தை டாக்டர் போடட்டும். உங்கள் வேலை, இறங்கும் ஒவ்வொரு படிக்கும் தேதி போடுவதும், எந்தப் படியில் புதுத் திட்டு வந்தது என்று குறிப்பதும்.

கடைக்குத் திரும்பியதும் நான் ஒரு புண்ணிய காரியம் செய்தேன், அதுவும் பிசகியது. எங்கள் மார்க்கெட்டில் ராத்திரி முழுக்கத் தக்காளிப் பெட்டி இறக்கும் லோடுமேன்கள் உடம்பு வலிக்கு "ஒரு செட்டு குடுங்க" என்று கேட்பார்கள். வலி மாத்திரை ஒன்று, கேஸ் மாத்திரை ஒன்று, சின்ன வெள்ளை மாத்திரை இரண்டு. அந்த வெள்ளைதான் பீட்டாமெத்தசோன் 0.5 மி.கி. இரண்டு போட்டால் ப்ரெட்னிசோலோன் கணக்கில் ஏழெட்டு மி.கி. வரும். எத்தனை வருடம் மடித்துக் கொடுத்திருக்கிறேன் என்று எண்ணிப் பார்க்கப் பிடிக்கவில்லை. என் உடம்பு பட்ட பிறகு, செட்டிலிருந்து வெள்ளையை எடுத்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை, எடுத்தேன், அவ்வளவுதான்.

12 நாள் கழித்து ஒரு பெரியவர் பெஞ்சில் வந்து உட்கார்ந்து பனியனைத் தூக்கிக் காட்டினார். முதுகு முழுக்கச் சிவப்பு, ஓரத்தில் வெள்ளி மாதிரி செதில். "மெடிக்கல்காரரே, மாத்திரை முன்ன மாதிரி கேக்க மாட்டேங்குது. உடம்பும் இப்படி ஆயிப்போச்சு." முழங்காலில் பழைய திட்டு ஒன்று இருந்ததாம், செட்டு போட ஆரம்பித்ததிலிருந்து காணோமாம். அவருக்குத் தெரியாமல் நான் கொடுத்ததை, அவருக்குத் தெரியாமல் நானே நிறுத்தியிருக்கிறேன். ஷட்டரை இறக்கிவிட்டு நானே அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். சீட்டில் என்னென்ன, எத்தனை வருடம் என்று என் கையால் எழுதிக் கொடுத்தேன். அவர் ஸ்டீராய்டிலிருந்து இறங்க ஆறு மாதம் ஆனது. நோட்டில் இன்றைக்கும் அவருக்கு ஒரு பக்கம் உண்டு.

நீங்களும் வருடக்கணக்கில் பெயர் தெரியாத மாத்திரையோ பொடியோ சாப்பிடுகிறவரானால், இதைப் படித்த வேகத்தில் நிறுத்திவிடாதீர்கள். பொட்டலத்தோடு டாக்டரிடம் போங்கள். எங்கள் அம்மா சொரியாசிஸைக் காளாஞ்சகப்படை என்பார். வெட்பாலை தைலம் வைத்திருப்பார். சித்த வைத்தியத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு. பார்ப்பதென்றால் அரசு மருத்துவமனை சித்தா பிரிவில் பாருங்கள். லேபிள் இல்லாத பொடி மூன்றே நாளில் 20 வருட நோயை மறைத்தால் சந்தேகப்படுங்கள்.

வீட்டில் முதல் பத்து நாள்

டாக்டர் பார்த்து வீட்டிலேயே இருக்கலாம் என்று சொன்னவர்களுக்கு இது. தோல் தீப்பட்ட மாதிரி இருக்கும்போது வழக்கமான தார் எண்ணெய், சாலிசிலிக் அமிலம், கால்சிபோட்ரியால் எல்லாவற்றையும் டாக்டர் திரும்பச் சொல்லும்வரை தொடாதீர்கள். நல்ல காலத்தில் உதவியவை இப்போது எரிக்கும். வெயில் நல்லது என்று தைலம் தடவி மொட்டைமாடியில் உட்காருவதும் வேண்டாம்.

வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து நிமிடம், சோப்பு இல்லாமல். துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, ஈரம் காய்வதற்குள் பூச வேண்டும். வெள்ளை பெட்ரோலியம் ஜெல்லியும் திரவ பாரஃபினும் பாதிக்குப் பாதி கலந்தது விலை குறைவு, எரியாது. தேங்காய் எண்ணெய் ஒத்துக்கொண்டால் அதுவும் சரி. எவ்வளவு பூசுவது என்பதில்தான் எல்லோரும் கஞ்சத்தனம் பண்ணுவார்கள். உடம்பு முழுக்கப் பொங்கியிருந்தால் வாரத்துக்கு 250 முதல் 500 கிராம் வரை ஆகும். என்னிடம் 20 கிராம் ட்யூப் கேட்டு வருகிறவர்களுக்கு நான் அரைக்கிலோ டப்பாவைத்தான் காட்டுவேன், வியாபாரத்துக்காக இல்லை. பூசிய பிறகு அடுப்பு, விளக்கு, பீடி பக்கம் போகாதீர்கள். பாரஃபின் ஊறிய துணி சட்டென்று தீப்பிடிக்கும், துவைத்தாலும் முழுக்கப் போகாது.

செதிலை உரிக்காதீர்கள். உரித்த இடத்தில், சிராய்த்த இடத்தில், பெல்ட் அழுத்திய இடத்தில் புதுத் திட்டு வரும் என்று கோப்னர் என்ற ஜெர்மன் டாக்டர் 19-ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்துவிட்டார். பழைய வேட்டியைக் கிழித்துப் படுக்கையில் விரியுங்கள், காலையில் அப்படியே உதறிவிடலாம். வார்டில் பக்கத்துக் கட்டிலில் கொப்புள நோய்க்காரருக்கு வாழையிலை விரித்தார்கள். எனக்கும் கேட்டேன், "உங்களுக்கு வேட்டியே போதும்" என்று சிஸ்டர் சிரித்தார்.

பத்தியம் என்று கஞ்சி மட்டும் குடித்து வற்றாதீர்கள். செதிலாகப் போவதெல்லாம் புரதம். முட்டை, பருப்பு, மீன் எது பழக்கமோ அதைச் சாப்பிடுங்கள். தண்ணீரும் உப்பும் எவ்வளவு என்பது மட்டும் கால் வீக்கம், இதயம், சிறுநீரகத்தைப் பொறுத்தது, டாக்டரைக் கேளுங்கள்.

மெத்தோட்ரெக்சேட் கைக்கு வந்தால்

இது வாரத்துக்கு ஒரு நாள் மாத்திரை. தினம் போட்டால் எலும்பு மஜ்ஜை படுத்துவிடும், உயிர் போகும். நான் அட்டையின் மேல் ஸ்கெட்ச் பேனாவால் "வியாழன் மட்டும்" என்று பெரிதாக எழுதித்தான் கொடுக்கிறேன். உங்கள் கடைக்காரர் எழுதாவிட்டால் நீங்களே எழுதுங்கள். இதோடு சேர்த்து எழுதும் ஃபோலிக் அமிலம் 5 மி.கி. அந்த நாளில் வேண்டாம், டாக்டர் சொன்ன வேறு நாளில்.

கடைக்காரனாக நான் அதிகம் பயப்படுவது மில்லிகிராம் மாற்றத்துக்கு. சீட்டில் 2.5 மி.கி. மூன்று என்று இருக்கும். அடுத்த மாதம் அந்த அட்டை கிடைக்காமல் 7.5 மி.கி. அட்டையைக் கொடுப்பார்கள், வீட்டில் பழக்கத்தில் மூன்றை எடுத்துப் போடுவார்கள். 7.5 சாப்பிட வேண்டியவர் உள்ளே 22.5 போயிருக்கும். அட்டை நிறம் மாறினாலே நின்று, மி.கி.-ஐப் படியுங்கள். வாயில் புண், தொண்டை வலி, காய்ச்சல், மூச்சிரைப்பு, காரணமில்லாத ரத்தக்கட்டு வந்தால் அடுத்த மாத்திரையைப் போடாமல் டாக்டரிடம் போங்கள். சிறுநீர்த் தொற்றுக்கும் சளிக்கும் கொடுக்கும் கோட்ரைமாக்சசோல் இதோடு சேரவே கூடாது. வலி மாத்திரையைக் கேட்காமல் போடாதீர்கள். சாராயம் கிடையாது. குழந்தை பெறும் உத்தேசம் ஆணுக்கிருந்தாலும் பெண்ணுக்கிருந்தாலும் தொடங்குவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். கர்ப்பத்தில் இது கூடவே கூடாது. ரத்த அணு, கல்லீரல், கிரியாட்டினின் பரிசோதனைத் தேதிகளும் அதே நோட்டில் வரட்டும்.

பர்ஸில் ஒரு அட்டை

பல் பிடுங்கப் போனாலும், எலும்பு முறிந்து போனாலும், நாய் கடித்துப் போனாலும் இதைக் காட்ட வேண்டும். என் அட்டையில் இருப்பது இதுதான்: "எனக்கு சொரியாசிஸ் உள்ளது. 2022-இல் ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்தியதால் உடல் முழுவதும் பரவியது. மெட்டோப்ரோலோல் 25 மி.கி. தொடங்கிய 10 வாரத்தில் அதிகமானது. மெத்தோட்ரெக்சேட் வியாழன் மட்டும். ஸ்டீராய்டு, பீட்டா பிளாக்கர், லித்தியம், குளோரோகுயின் வகை கொடுக்கும் முன் என் தோல் டாக்டரிடம் பேசவும். உயிர் காக்க ஸ்டீராய்டு தேவைப்பட்டால் தாமதிக்காமல் கொடுக்கவும். நிறுத்தும் முறையைப் பிறகு முடிவு செய்யலாம்." கீழே டாக்டரின் போன் நம்பர்.

கடைசிக்கு முந்தைய வரியைக் கட்டாயம் சேருங்கள். மூச்சுத் திணறலோடு போன இடத்தில், அட்டையைப் பார்த்துவிட்டு ஊசி போடத் தயங்கி நின்றால் அட்டையே எமனாகிவிடும்.

ஜெராக்ஸ் கடையில் லேமினேஷன் போட்டுக்கொள்ளுங்கள். போட்டோ எடுத்து வைப்பதென்றால் உங்கள் போனில் மட்டும் வைக்காமல் வீட்டில் இருப்பவர் போனிலும் வையுங்கள். நான் நடுங்கிக் கிடந்த ராத்திரி என் போனின் பூட்டு விரல் ரேகையில்தான் திறக்கும். விரல் நுனித் தோல் உரிந்து, எத்தனை முறை வைத்தாலும் அது என்னை அடையாளம் காணவில்லை.